கொண்டைக்கடலையும் கறுப்பு சாக்லேட் பையும்

தம்பி, ஒரு நிமிஷம் அந்த ஒயரைக் காதிலிருந்து எடுங்கள். முன்னால் இடது பக்கம், மூன்றாவது இருக்கை, பச்சைச் சேலை. உடனே எட்டிப் பார்க்காதீர்கள்! நான் சொல்லித்தான் பார்க்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மெதுவாக, ஜன்னல் பக்கம் பார்க்கிற மாதிரி பாருங்கள். அந்த அம்மாள் எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தாள் என்று உங்கள் காதில் விழுந்ததா? விழவில்லையா. அதுதான், காதில் அதை மாட்டிக்கொண்டிருந்தால் எப்படி விழும்.

அவள் என் மனைவி. தங்கபுஷ்பம். என் பெயர் சுயம்புலிங்கம்.

மனைவி எங்கே போகிறாள் என்றுகூடத் தெரியாத ஆளா என்று பார்க்கிறீர்கள். நியாயமான பார்வை. மதுரையில் ஒன்றாகத்தான் ஏறினோம். கூட்டத்தில் அவளுக்கு அங்கே இடம் கிடைத்தது, எனக்கு உங்கள் பக்கத்தில். என் டிக்கெட்டை நான் எடுப்பதற்குள் அவள் டிக்கெட்டை அவளே எடுத்துவிட்டாள். இந்த பஸ் கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலி போகிறது. கோவில்பட்டியில் எங்கள் வீடு. திருநெல்வேலியில் அவளுடைய தங்கை மகள் ஷர்மிளா கேக் கடை வைத்திருக்கிறாள். "பெரியம்மா, நீங்க வந்துருங்க, மாடியில ரூம் சும்மாதான் கெடக்கு" என்று கொஞ்ச நாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஆக, கோவில்பட்டியில் இறங்கினால் புஷ்பம் வீட்டுக்கு வருகிறாள் என்று அர்த்தம். இறங்காவிட்டால் நான் மெஸ்ஸில் சாப்பிட வேண்டும் என்று அர்த்தம்.

அவளிடமே கேட்கலாமே என்கிறீர்களா? கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே!

கண்டக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். திருமங்கலம் தாண்டியதும், நைசாக, "அந்த பச்சைச் சேலை அம்மா எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தாங்க?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சார், அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். மனைவி என்றேன். "அப்ப அவங்ககிட்டயே கேக்க வேண்டியதுதான? வயசான காலத்துல ஏன் சார் இப்படி?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். கவனித்தீர்களா?

நடந்ததைச் சொல்கிறேன். சொன்னால் உங்களுக்கே நியாயம் புரியும். விருதுநகர் வருவதற்குள் முடித்துவிடலாம். இடையில் கேள்வி கேட்டால் சாத்தூர் ஆகும்.

நான் தீப்பெட்டி ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை அதே நாற்காலி. பெண்கள் பண்டல் கட்டிக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். நான் ஒரு பெட்டியை உருவிப் பார்ப்பேன். மருந்துத் தலை உருண்டையாக இருக்கிறதா, லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா, குச்சி எல்லாம் ஒரே நீளமா. சரியாக இருந்தால் விரல் நகத்தால் பண்டலில் ஒரு தட்டு. சரியில்லை என்றால் இரண்டு தட்டு. இரண்டு தட்டினால் அவர்களே எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்து மறுபடி செய்ய வேண்டும். எந்திரச் சத்தத்தில் யார் வாய் திறந்து பேசுவது? தட்டுதான் பேச்சு.

புஷ்பம் அங்கே லேபிள் ஒட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால். அவளுக்கு நான் முதன்முதலில் சொன்னதே இரண்டு தட்டுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பெண்கள் முணுமுணுப்பார்கள், முகத்தைத் தூக்குவார்கள். இவள் ஒன்றும் சொல்லாமல் பண்டலை எடுத்துக்கொண்டு போவாள். நான் வீட்டில் சொன்னேன்: தட்டினால் முகம் சுளிக்காத பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கேளுங்கள் என்று. அவளுக்குத் தட்டு ஒரு பொருட்டே இல்லை தம்பி. அந்த நம்பிக்கையில்தான் கட்டிக்கொண்டேன்.

சிரிப்புச் சத்தம் கேட்கிறதா? அவள் பக்கத்தில்தான். பின்னால் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரும் எழுந்து முன்னால் சாய்ந்துகொண்டு கேட்கிறார்கள். என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாளோ. அவள் அவ்வளவு பேசுகிறவள் இல்லை.

இரண்டு மகன்களும் வெளியூர் போன பிறகு அவள் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டீச்சரம்மா கேக் பண்ணக் கற்றுத்தருகிறார். கற்றுக்கொள்ளட்டுமே என்று விட்டேன். வீட்டுக்கு ஓவன் வந்தது. எங்கள் ஊர்க் காற்றே வெல்லப்பாகும் வறுத்த கடலையுமாகத்தான் மணக்கும். அதில் எங்கள் வீடு மட்டும் தனியாக வெண்ணெய் மணத்தது. அந்த வகுப்பில் கடைசியாகக் கற்றுக்கொடுத்தது கறுப்பு சாக்லேட் பை. பை என்றால் கையில் தூக்குகிற பை இல்லை தம்பி. மைதாவில் தட்டையாக ஓடு மாதிரி ஒன்று செய்து, அதற்குள் கெட்டியான சாக்லேட் கலவையை ஊற்றி உறையவைப்பது. கறுகறுவென்று, பளபளவென்று, கசப்பும் இனிப்புமாக இருக்கும். மேலே மூடி இருந்தால்தான் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று ஒரு கட்சி உண்டு. அந்த விவாதத்தை நான் அன்றைக்கு எழுப்பவே இல்லை. அவ்வளவு அடக்கமாக இருந்தேன்.

அன்றைக்கு என்றால், எங்கள் பழைய மேனேஜர் சிவஞானம் சார் வீட்டுக்கு வந்த அன்றைக்கு. மகள் நிச்சயதார்த்தத்துக்கு அழைக்க வந்தார். ஆலையில் என்னோடு இருந்த இன்னும் மூன்று பேரும் கூட வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் புஷ்பம் அந்தப் பையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். காலையில் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். எதற்கு இவ்வளவு என்று எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு செல்வக்கனி, அவள் தங்கை, மதுரையில் இருக்கிறவள், அவள் போனில் சொல்லித்தான் தெரிந்தது. நிச்சயதார்த்தத்துக்கு இனிப்பு செய்துதர ஆர்டர் கேட்கலாம் என்று நினைத்திருந்தாளாம். அதைத் தொட்டு வீட்டிலேயே தொழிலாக ஆரம்பிக்கலாம் என்றும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முன்கூட்டியே தரம் பார்த்துக் கொடுத்திருப்பேன்.

சிவஞானம் சார் கத்தியை எடுத்துக்கொண்டு, "என்ன லிங்கம், எப்படி இருக்கு பண்டல்?" என்று விளையாட்டாகக் கேட்டார். நான் பார்த்தேன். ஓட்டின் விளிம்பு ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது. கொஞ்சம்தான். ஆனால் சரிந்திருந்தது. என் விரல் தானாகப் போய்த் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டியது.

அவ்வளவுதான் தம்பி. ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வாயே திறக்கவில்லை. நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர், "அண்ணி, எடுத்துட்டுப் போயி மறுபடி ஒட்டிக் கொண்டாங்க!" என்றார். சிவஞானம் சாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொண்டுவா என்று திரும்பிப் பார்த்தால் புஷ்பம் அங்கே இல்லை.

பையை எல்லோரும் சாப்பிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. நானே இரண்டு துண்டு சாப்பிட்டேன். அதையும் அவளிடம் சொன்னேன், மறுநாள். மறுநாள் அவள் மதுரைக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். "தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்றாள். எப்போது வருவாய் என்றேன். "எடுத்துட்டுப் போயி மறுபடி ஒட்டிக்கிட்டு வாரேன்" என்றாள். எனக்கு அது கோபம் என்றே தோன்றவில்லை. நகைச்சுவை என்று நினைத்து, நானும் சிரித்தேன்.

அந்த நிச்சயதார்த்தத்தில் கடைசியில் குலாப்ஜாமூன் போட்டார்கள். ஜீரா சரியில்லை.

விருதுநகர் வந்துவிட்டதா? இன்னும் பாதிக்கதைகூட ஆகவில்லையே. நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? திருநெல்வேலியா. நல்லது, அவசரமில்லை.

வாரங்கள் போயின. வரவில்லை. போன் செய்தால் செல்வக்கனிதான் எடுப்பாள். "அக்கா குளிக்கிறா அத்தான்." "அக்கா கோயிலுக்குப் போயிருக்கா அத்தான்." ஒருநாள், "அக்கா இங்கதான் இருக்கா, பேசப் பிடிக்கலயாம் அத்தான்" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பிரச்சினை எங்கே ஆரம்பித்தது? பையில். எனவே தீர்வும் பையில்தான் இருக்க வேண்டும். நானே ஒன்று செய்வது. விளிம்பு சரியாமல், சுற்றிலும் ஒரே உயரமாக, குறையே இல்லாமல் செய்து, கொண்டுபோய் அவள் முன்னால் வைப்பது. இப்படிச் செய்ய வேண்டும் என்று பார்த்தாலே அவளுக்குச் சமாதானம் ஆகிவிடும் இல்லையா? ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

நான் எதையும் படிக்காமல் செய்கிறவன் இல்லை. மைதாவின் வரலாறு, கொக்கோ மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது, எல்லாம் படித்தேன். செய்முறை மட்டும் ஐந்தாறு பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு விஷயம் சொல்லியிருந்தார்கள்: குளிர்ந்த வெண்ணெயை மைதாவில் விரல்நுனியால் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்து, அள்ளிச் சேர்த்தால் போதும், பிசைய வேண்டாம் என்று. சோம்பேறிகள். மாவைப் பிசையாமல் என்ன பலகாரம்? எங்கள் ஊரில் பரோட்டா போடுகிறவர் மாவை எப்படி அடிக்கிறார் என்று பார்த்திருக்கிறேன். நான் கை வலிக்க வலிக்கப் பிசைந்தேன். வழவழவென்று வந்தது. ஈரத்துணி போட்டு மூடினேன்.

அடுத்தது, அந்த ஓட்டை முதலில் வெறுமனே சுட்டு எடுக்க வேண்டும். சும்மா சுட்டால் பூரி மாதிரி உப்பிவிடும். அதற்காக மேலே ஒரு காகிதம் போட்டு, அதில் கொண்டைக்கடலையோ மொச்சையோ நிரப்பிப் பாரம் வைக்க வேண்டுமாம். நல்ல யோசனைதான். வீட்டில் கொண்டைக்கடலை இருந்தது. முந்தின நாள் மாலையே ஊறப்போட்டுவிட்டேன்.

ஏன் தம்பி சிரிக்கிறீர்கள்?

கொண்டைக்கடலையை ஊறப்போடாமல் யாராவது அடுப்பில் ஏற்றுவார்களா? நீங்களே சொல்லுங்கள். அந்தச் செய்முறை எழுதியவர் 'ஊறவைக்காத' என்று ஒரு வார்த்தை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அது அவருடைய குறை. நான் என்ன செய்ய முடியும்? ஓவனைத் திறந்தேன், இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. கடலை நன்றாக வெந்திருந்தது. ஓடு வேகவில்லை. மழையில் நனைந்த தீப்பெட்டி அட்டையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அப்படி. கடலைக்குக் கடுகும் வற்றலும் தாளித்து, தேங்காய்ப்பூ போட்டுச் சாப்பிட்டேன். சுண்டல் அருமை. வெண்ணெய் வாசனையோடு சுண்டல் எங்கேயாவது சாப்பிட்டிருக்கிறீர்களா? அதைத் தனியாகவே செய்யலாம் என்று இருக்கிறேன்.

மறுபடி மாவு. மறுபடி பிசைந்தேன். முதல் தடவையைவிடக் கூடுதலாக. இந்த முறை காய்ந்த கடலை. ஓடு அருமையாக வந்தது. சுண்டிப் பார்த்தால் டங் என்று சத்தம். ஸ்டீல் ஸ்கேலை வைத்து விளிம்பை அளந்தேன். சுற்றிலும் ஒரே உயரம். ஆலையில் இருந்தபோதுகூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

சாக்லேட்தான் என்னைப் படுத்திவிட்டது. கசப்பான கறுப்பு சாக்லேட் வேண்டும். கடைக்காரர் பால் சாக்லேட்டை நீட்டி, "இதுவும் கறுப்புதான சார்" என்றார். பால் சாக்லேட்டில் பால் இருக்கிறது, அது பழுப்பு, கறுப்பு வேறு பழுப்பு வேறு என்று விளக்கினேன். "வேற கடை பாருங்க சார்" என்று அவரும் விளக்கினார். கடைசியில் புஷ்பத்தின் அலமாரியிலேயே இருந்தது. அதைத் துண்டுகளாக நறுக்கி, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்கினேன். உருகும்போது பார்க்க வேண்டுமே! கண்ணாடி மாதிரி. குச்சியால் தூக்கினால் நாடாவாக விழ வேண்டும். தீக்குச்சித் தலைக்கு மருந்து கலக்கும்போதும் அதே பதம்தான் பார்ப்போம். இளகினால் வழியும், இறுகினால் உதிரும். இதில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆவி ஒரு துளியாகி உள்ளே விழுந்தது. ஒரே ஒரு துளி தம்பி. மொத்தச் சாக்லேட்டும் ஆற்று மணல் மாதிரி திரிந்துவிட்டது.

அப்புறம் வேறு வழியில் செய்தேன். பாலேட்டைச் சூடாக்கி சாக்லேட்டின் மேல் ஊற்றி, தொடாமல் சற்று விட்டு, நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கலக்கிக்கொண்டே வெளியே வர வேண்டும். முதலில் தயிரில் மை கொட்டின மாதிரி அசிங்கமாக இருக்கும். பயந்து நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று ஒன்றுசேரும். கறுப்புப் பட்டு. ஒரு கரண்டி கெட்டியான காபி டிகாக்ஷன், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை. அதை ஓட்டில் ஊற்றி, தட்டைத் தரையில் லேசாகத் தட்டிக் குமிழியை எல்லாம் போக்கி, பிரிட்ஜில் வைத்தேன். இவ்வளவையும் செய்து நிமிர்ந்தால் எனக்கு முதுகே இல்லை. இதை இந்த அம்மாள் சமையல், பாத்திரம், வந்தவர்களுக்கு இலை போடுவது எல்லாவற்றுக்கும் நடுவில் எப்படி ஒரே மூச்சில் செய்தாள் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, அவளுக்கு டீச்சர் இருந்தார், எனக்கு இல்லை என்று ஞாபகம் வந்தது.

இன்று காலை முதல் பஸ். தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, நடுவில் பையை வைத்து, மடியில் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். கதவைத் திறந்த செல்வக்கனி பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், ரிட்டயர் ஆகி மீன் யாவாரமா?" என்றாள். புஷ்பம் உள்ளேயிருந்து வந்தாள். "வாங்க" என்றாள். விருந்தாளியைச் சொல்கிற மாதிரி ஒரு வாங்க.

பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "யாரு பண்ணுனது?" என்றாள். நான்தான் என்றேன். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது, இளகின மாதிரி. சரியான சமயம் என்று நானும் பேச ஆரம்பித்தேன். பார் புஷ்பம், விளிம்பு சுற்றிலும் ஒரே உயரம், ஸ்கேல் வைத்து அளந்தது, உன்னுடையதில் இந்தப் பக்கம் சரிந்திருந்தது பார், அதற்குக் காரணம் என்னவென்றால், என்று விளக்கினேன். அவள் முகத்தில் வந்தது போய்விட்டது.

"விடுங்க அத்தான், சாப்பிடுவோம்" என்று செல்வக்கனி கத்தியை வைத்து அழுத்தினாள். வெட்டுப்படவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். மேஜை ஆடியது. துண்டு வந்தது. புஷ்பம் வாயில் போட்டு மென்றாள். மென்றாள், மென்றாள். தண்ணீர் குடித்தாள். அப்புறம் என்னைப் பார்த்துக்கொண்டே விரலை நீட்டி, தட்டின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

செல்வக்கனிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா, எறும்பா?" என்றாள்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? என்ன இருக்கிறது இதில், ஒரு தட்டுதானே. ஆனால் பாருங்கள், காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்த அறையில் மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் புஷ்பம் துணிமணியோடு வெளியே வந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புவோம்" என்றாள். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்துவிட்டது. அவளே அந்தத் தெர்மகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் செல்வக்கனி அவள் காதில், "ஷர்மிளாகிட்ட போயிட்டுப் போன் பண்ணு" என்றாள். அது எனக்குக் கேட்டுவிட்டது. கெளம்புவோம் என்றாளே, அதில் எத்தனை ஊர் அடங்குகிறது என்பதுதான் தெரியவில்லை.

பாருங்கள், பாருங்கள், பெட்டியைத் திறந்துவிட்டாள்! பஸ்ஸிலேயே! அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவுக்கு ஒன்று, பின்னால் இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று, அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு. உடைத்து உடைத்துக் கொடுக்கிறாள். கத்தி இல்லையே, இருக்கைக் கம்பியில் அடித்து உடைக்கிறாள். டிரைவருக்கும் போகிறது. நான் இடுப்பொடியச் செய்தது, இப்படி ஊருக்கு விநியோகம்.

என்னம்மா? எனக்கா? கண்ணாடி போட்ட அம்மா என்னைத்தான் கூப்பிடுகிறார். "அண்ணாச்சி, இது ஒங்களுக்காம். அது பக்கத்துல இருக்க தம்பிக்காம்." சொல்லி அனுப்பியிருக்கிறாள் பாருங்கள். வாங்குங்கள் தம்பி. உடனே வாயில் போடாதீர்கள், முதலில் விளிம்பைப் பாருங்கள். பார்த்தாச்சா? இப்போது கடியுங்கள். என்ன, கடிபடவில்லையா? கடைவாய்ப் பல்லால் கடியுங்கள். ஓடு உறுதியாக இருக்க வேண்டும். உள்ளே சாக்லேட் எப்படி? கசப்பு நாக்கில் பரவி, அப்புறம் இனிப்பு வருகிறதா? அதைச் சொல்லுங்கள். ஓடு கிடக்கட்டும்.

என்னம்மா சொல்கிறீர்கள்? பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. "சாக்லேட்டு ரொம்ப நல்லா வந்திருக்காம் அண்ணாச்சி. மாவைத்தான் பெசஞ்சு கொன்னுட்டீங்களாம்!" கேட்டீர்களா தம்பி? பிசைந்து கொன்றுவிட்டேனாம். சாக்லேட் நன்றாக வந்திருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறாள். அதையும் கேட்டீர்கள் இல்லையா? ரொம்ப நல்லா என்றாளாம். நீங்கள் சாட்சி. அம்மா, அவளிடம் சொல்லுங்கள், பிசையாமல் மாவு எப்படி ஒன்றுசேரும், அறிவியல்படி... சொல்கிறாரா? சொல்லிவிட்டார். என்ன பதில்? "ஒண்ணுசேரணும்னா சும்மா விடணுமாம், அமுக்கக் கூடாதாம்." அந்தப் பக்கமே சிரிக்கிறது. மாவைப் பற்றித்தான் சொல்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நீங்களும் சிரிக்கிறீர்கள்.

கேட்டுவிடலாமா? அந்தக் கண்ணாடி அம்மா மூலமாக, எந்த ஊர் டிக்கெட் என்று? நம் வாயால் கேட்டதாக ஆகாது. ஐயோ, சாத்தூர். அந்த அம்மா இங்கே இறங்குகிறாரே! கேட்டிருக்க வேண்டும். மாவைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்கிவிட்டேன்.

இனிக் கோவில்பட்டிதான். நீங்கள் ஒயரை மாட்டிக்கொள்ளுங்கள். இல்லை, வேண்டாம், இருங்கள். எதையாவது பேசிக்கொண்டிருப்போம். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகப்போகிறதா. நல்லது. பெண் என்ன செய்கிறாள்? சரி, சரி. அவள் செய்கிற வேலையைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்? தெரியாதா? நல்லது. தெரியாமலே இருங்கள்.

தோ, ஊர் வந்துவிட்டது. கடலை வறுக்கிற வாசனை. "கோவில்பட்டி எல்லாம் எறங்கு!" கண்டக்டர் குரலைப் பாருங்கள், என்னைப் பார்த்துத்தான் கத்துகிறார். நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் அவளைப் பாருங்கள், நான் பார்க்கவில்லை. எழுந்தாளா? பக்கத்தில் இருக்கிற பெண் எழுந்துவிட்டாளா? அந்தப் பெண் இல்லை தம்பி, பச்சைச் சேலை. எழவில்லையா. சேலையைச் சரி செய்கிறாளா, எழுவதற்கு? இல்லையா. உட்கார்ந்திருக்கிறாளா. ஜன்னல் வழியாக எங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா.

எல்லோரும் இறங்கிவிட்டார்களா?

சார், கண்டக்டர் சார். திருநெல்வேலி ஒன்று.

ஆமாம், எனக்குத்தான். கோவில்பட்டிக்கு எடுத்திருந்தேன், இப்போது திருநெல்வேலி போகிறேன். மனசு மாறினால் டிக்கெட் தரக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா? கொடுங்கள்.

ஒன்றுமில்லை தம்பி, அந்த ஷர்மிளாவின் கடையில் ஓவன் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. சூடு சரியாகக் காட்டுகிறதா, கதவு இறுக்கமாக மூடுகிறதா, தெரியாது. தெரியாத ஓவனை நம்பி இவள் போகிறாள். தரம் பார்க்க ஒரு ஆள் வேண்டும். இல்லை, தட்ட மாட்டேன். சும்மா பார்ப்பேன். மாடியில் ரூம் சும்மாதான் கிடக்கிறது என்றாளே. ஒரு ஆள் இருக்கிற இடத்தில் இரண்டு பேர் இருக்க முடியாதா?

என்ன? நகர்ந்து உட்கார்ந்துவிட்டாளா? நான் திருநெல்வேலி ஒன்று என்று சொன்னதுமேவா? ஜன்னலோரம் காற்று வரும், அதற்காக நகர்ந்திருப்பாள். பக்கத்து இடம் காலியா. பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாளா. பாவம், அது கனமான பெட்டி.

போகச் சொல்கிறீர்களா? அந்தப் பக்கம் 'மகளிர்' என்று எழுதியிருக்கிறது தம்பி. எழுதியிருக்கிற இடத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது. கண்டக்டர் வேறு என்னை... அட, அவரே கையைக் காட்டுகிறார் பாருங்கள். "போங்க சார், போயி ஒங்க வீட்டுக்காரம்மா கூட உக்காருங்க, நான் ஒண்ணும் சொல்லல." நல்ல மனுஷர். முதலிலேயே சொன்னேனே.

சரி, நான் போகிறேன். கயத்தாறு தாண்டி இன்னும் ரொம்ப தூரம் இருக்கிறது. பாவம் தம்பி, எவ்வளவு நேரம்தான் அவளும் தனியாகவே வருவாள்.